நடுவதற்கு முன் நிலத்தைப் பாருங்கள்

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு மரம் நடு விழா நடந்தது. பந்தல், பதாகை, வரிசையாகப் பள்ளிப் பிள்ளைகள், ஆளுக்கொரு கன்று. வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் என்று எல்லாம் நல்ல மரங்கள்தான். அடுத்த சித்திரையில் அந்தக் கரைமேல் நடந்து போனேன். குழிகள் வரிசை கலையாமல் இருந்தன. ஒரு குழியில் காய்ந்து நின்ற குச்சியைப் பிடித்து இழுத்தேன், கறுப்பு பிளாஸ்டிக் பையோடு கையில் வந்தது. பையைக் கிழிக்காமலே புதைத்திருக்கிறார்கள். வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுருண்டு செத்திருந்தது. மற்றவற்றை ஆடு கடித்திருந்தது. டீக்கடைக்கு எதிரே மட்டும் இரண்டு புங்கன்கள் தளிர்விட்டு நின்றன. கடைக்காரர் கிளாஸ் கழுவிய தண்ணீரைத் தினமும் அங்கேதான் ஊற்றுகிறாராம்.

மரம் வளர்க்கும் ஆர்வத்துக்கு இன்று நம்மிடம் குறைவில்லை. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கோடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கப்பட்டது. இவ்வளவு உழைப்பும் பணமும் வீணாகக் கூடாது என்றால், நம்மிடையே புழங்கும் சில நம்பிக்கைகளைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கை: லட்சம் கன்று நட்டால் லட்சம் மரம்

நட்ட அன்று எடுக்கும் கணக்கு கன்றுகளின் கணக்கு. மூன்று கோடை தாண்டி நிற்பதுதான் மரம். முதல் கோடையில் தண்ணீர், முதல் இரண்டு ஆண்டுகள் ஆடு மாடு அண்டாத முள்வேலி, சுற்றிலும் புல் மண்டாமல் களையெடுப்பு, இந்த மூன்றும் இல்லாவிட்டால் எந்த நாட்டு மரமும் தப்பாது. செலவுத் திட்டம் போடுகிறவர்கள் கன்று விலையையும் குழிக்கூலியையும் எழுதிவிட்டுப் பராமரிப்புக்கு ஒன்றும் வைப்பதில்லை. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கின.

நம்பிக்கை: விதைப்பந்து வீசினால் காடு தானே வரும்

பிள்ளைகள் மண்ணும் சாணமும் பிசைந்து உருண்டை பிடிப்பது பார்க்க அழகாக இருக்கிறது. விதை என்பது என்ன என்று அவர்கள் தொட்டு அறிகிறார்கள், அதற்காகவே செய்யலாம். காடு வருவது வேறு விஷயம். வேம்பு, நாவல், இலுப்பை விதைகள் உதிர்ந்த சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். கோடையில் பொறுக்கி உருட்டிக் காயவைத்து, வடகிழக்குப் பருவமழைக்கு வீசும்போது உள்ளே இருப்பது பெரும்பாலும் செத்த விதை. உயிரோடிருக்கும் விதையும் கெட்டித் தரையில் விழுந்தால், முளைத்த வேர் மண்ணுக்குள் இறங்கும் முன் வெயில் கருக்கிவிடும்.

பனைக்கு இந்தச் சிக்கல் இல்லை. பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் இலை விடுவதில்லை. ஒரு முளையைக் கீழே இறக்கி, மண்ணுக்குள் உணவைச் சேர்த்துக்கொள்கிறது. பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். ஆழத்தில் காலூன்றிய பிறகே ஓலை மேலே வரும். அதனால் பனையைப் பையில் வளர்த்துப் பிடுங்கி நடுவது வீண்வேலை. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை எடுத்து, அது நிற்க வேண்டிய கரையிலேயே புதைத்துவிட வேண்டும். நம் பாட்டன்மார் அப்படித்தான் செய்தார்கள்.

நம்பிக்கை: மரம் இல்லாத நிலம் வீண் நிலம்

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நல்ல மனம் படைத்தவர்கள் நல்ல நாட்டு மரங்களைக் கொண்டே ஓர் உயிர்ச்சூழலை அழித்துவிட முடியும்.

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் கொறங்காடு பார்க்கலாம். கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குடை விரித்த வெள்வேல மரம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது காலி இடம். காங்கயம் மாடு வளர்ந்தது அந்தப் புல்லில். கோடையில் புல் தீர்ந்தால் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. அங்கே நெருக்கமாக மரம் நட்டால் நிழலில் புல் சாகும், புல்லோடு கௌதாரியும் முயலும் போகும், கடைசியில் மாட்டுக்காரரும் போய்விடுவார். மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் எழுதிய நிலங்களுக்கும் இதேதான்.

நீலகிரியில் இந்தத் தவற்றைப் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டோம். அந்த மலைகளின் இயல்பு பள்ளத்தில் சோலை, சரிவில் புல்வெளி. ஆங்கிலேயர் கண்ணுக்குப் புல்வெளி தரிசாகத் தெரிந்தது. விறகுக்கென்றும் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கென்றும் ஆஸ்திரேலியச் சீகை மரங்களும் கற்பூர மரங்களும் நடப்பட்டன. விடுதலைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. வரையாட்டின் மேய்ச்சல் சுருங்கியது, தோடர்கள் கோயில் வேயும் புல் அரிதாயிற்று, மழையை வாங்கி ஓடைக்குக் கசியவிடும் பரப்பு குறைந்தது. அங்கே இன்று நடக்கும் மீட்புப் பணியில் மரத்தை அகற்றிவிட்டுப் புல்லை நடுகிறார்கள்.

பிச்சாவரத்தின் கதை வேறு மாதிரி. பகுதி பகுதியாக அலையாத்தி மரங்களை வெட்டிய இடங்களில் மண் காய்ந்து தாழ்ந்து கிண்ணம்போல் குழிந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி வற்ற, உப்பு ஏறிக்கொண்டே போனது. அப்படிப்பட்ட மண்ணில் எத்தனை கன்று நட்டாலும் கருகும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் முதலில் மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்தன. அதன் பிறகே நட்டார்கள், காடு மீண்டது. தண்ணீரின் வழியைச் சரிசெய்யாமல் கன்றை மட்டும் நம்பியிருந்தால் இன்றும் அங்கே உப்புத் தரைதான்.

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் பெயரால் இப்போது எங்கும் வரும் குறுங்காடுகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் என்ற அந்த நெருக்கம், நகரத்தில் குப்பை கொட்டிக் கிடந்த ஒரு மூலையைக் குளிர்விக்க நல்ல வழி. கொறங்காட்டுக்கும் சதுப்பு நிலத்துக்கும் அது ஆகாது.

நம்பிக்கை: வெளிநாட்டு மரம் எல்லாம் பகை

சாம்பாருக்குப் புளி தரும் மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. எவ்வளவோ காலமாக நம்மோடு இருக்கிறது, எந்த நிலத்தையும் அது விழுங்கவில்லை. சீமைக் கருவேலம் அப்படியில்லை. ஆடு மாடு காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்ப, கண்மாய்களே அதன் காடாகிவிட்டன. வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தைக் கவனிக்காமல் விட்டால் மண்ணில் கிடக்கும் விதையே திரும்ப முளைத்து வரும். ஆகவே பிறந்த நாட்டைவிட, இங்கே வந்து என்ன செய்கிறது என்பதே முக்கியம்.

புதுச்சேரி அருகே ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அது அமைந்த மேடு மழைநீர் அரித்த செம்மண் பொட்டல். அங்கே முதலில் வரப்பு கட்டி நீரை நிறுத்தினார்கள். ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டு நிழலும் சருகும் சேர்த்தார்கள். அந்த நிழலில்தான் வீரை, காசான், பாலை, கருங்காலி போன்ற நம் கிழக்குக் கடற்கரைக் காட்டு மரங்கள் பிழைத்தன. அவற்றின் முகத்தை எங்கே தெரிந்துகொண்டார்கள் என்றால், மரக்காணம் அருகே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற இடங்களில். சாமிக்குப் பயந்து யாரும் கிளை ஒடிக்காத காடுகள் அவை.

நம்பிக்கை: அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் விடும்

விடாது. ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். இரவில் எல்லா மரங்களையும்போல அதுவும் மூச்சு வாங்கிக் கரியமில வாயுவைத்தான் விடுகிறது. அரசையும் ஆலையும் நட அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. மற்ற மரங்களில் பழம் இல்லாத மாதங்களிலும் மைனா, குயில், குக்குறுவான், வௌவால் எல்லாம் அவற்றின் சிறு பழங்களை நம்பி வாழ்கின்றன.

இந்த ஐப்பசி மழைக்குக் கன்று வாங்கக் கிளம்புகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டே. உங்கள் ஊர்க் கோயில் காட்டிலும் பழைய ஏரிக்கரையிலும் என்னென்ன மரம் நிற்கிறது என்று பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். போன வருடம் நட்ட இடத்துக்கும் ஒரு நடை போய், உயிரோடு நிற்பவற்றை எண்ணி, முதலில் அந்தக் குழிகளை நிரப்புங்கள். பையைக் கிழித்துவிட்டு நடுங்கள்.