விழவும் பழகு

கீழ்க்காணும் பகுதியை வாசித்திடுக.

தற்காப்புக் கலை என்றதும் குத்துவதும் உதைப்பதுமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், ஜூடோ வகுப்பில் புதிதாகச் சேரும் மாணவருக்கு எதிரியை வீழ்த்தும் முறை உடனே கற்பிக்கப்படுவதில்லை. அவர் எவ்வாறு விழ வேண்டும் என்பதே முதலில் கற்பிக்கப்படுகிறது. ‘அடி வாங்காமல் இருக்கத்தானே வந்தோம், விழுவதற்கா வந்தோம்?’ என்று புதியவர்கள் வியப்பதுண்டு.

கோலாலம்பூரில் இணையத்தள உருவாக்குநராகப் பணிபுரியும் இளம்பெண் ஒருவரும் அப்படித்தான் வியந்தார். பகலில் கணினியின் முன் அமர்ந்து நிரல் எழுதும் அவர், வாரத்தில் இரண்டு மாலைப்பொழுதுகள் ஜூடோ பயின்றார். இவ்விரண்டுக்கும் தொடர்பு ஏதும் இருப்பதாகத் தொடக்கத்தில் அவருக்குத் தோன்றவில்லை. காலப்போக்கில், பயிற்சிக் கூடமும் அலுவலகமும் ஒரே பாடத்தைக் கற்பிப்பதை அவர் உணர்ந்தார்.

விழும் கலை

ஜூடோவைத் தோற்றுவித்தவர் ஜப்பானியக் கல்வியாளர் கானோ ஜிகோரோ. அவர் 1882ஆம் ஆண்டில் தோக்கியோவில் கோடோகான் என்னும் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். புத்தர் கோயில் ஒன்றில் சிறிய அளவில் தொடங்கிய இக்கலை, 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் இடம்பெறும் அளவிற்கு வளர்ந்தது.

ஜூடோவில் பாதுகாப்பாக விழும் முறைக்கு ‘உகேமி’ என்று பெயர். பின்னோக்கி விழும்போது முகவாயை மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கண்கள் இடுப்புப் பட்டையின் முடிச்சை நோக்கியிருக்க வேண்டும். இவ்வாறு செய்தால் தலையின் பின்புறம் தரையில் மோதாது. முதுகை வில்போல் வளைத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கை முதல் முழங்கை வரையிலான பகுதியால் பாயை ஓங்கித் தட்ட வேண்டும்.

இதற்கு அறிவியல் காரணம் உண்டு. விசை சிறிய பரப்பில் விழுந்தால் அழுத்தம் கூடும். பெரிய பரப்பில் பரவினால் அழுத்தம் குறையும். தடுமாறி விழும் ஒருவர் இயல்பாகவே கையை நீட்டித் தரையில் ஊன்றுவார். அப்போது உடலின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்குவதால் எலும்பு முறியக்கூடும். உகேமி அந்த இயல்பை மாற்றி, விசையை உடலின் பெரும்பகுதிக்குப் பகிர்ந்தளிக்கிறது.

இதைப் படித்துப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். உடல் தானாகவே செய்வதற்குப் பல மாதங்கள் தேவை. ஏனெனில், கால் வழுக்கியபின் சிந்திப்பதற்கு நேரம் இருக்காது. ஆகவேதான், கறுப்புப் பட்டை பெற்றவர்களும் வகுப்பின் தொடக்கத்தில் மீண்டும் மீண்டும் விழுந்து பழகுகின்றனர்.

திரும்பிச் செல்ல ஒரு வழி

நிரல் எழுதுபவர்களும் அடிக்கடி ‘விழுகிறார்கள்’. ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் இணையத்தளம் ஒன்று செயலிழந்துவிடலாம். நேற்று வரை நன்றாக இயங்கிய பக்கம், இன்று செய்த சிறிய மாற்றத்தால் வெறுமையாகத் தோன்றலாம். யானைக்கும் அடி சறுக்கும் என்பதை இத்துறையினர் நன்கு அறிவர். ஆகவே, தவறே நேராமல் பார்த்துக்கொள்வதோடு, நேர்ந்த தவற்றிலிருந்து மீள்வதற்கான கருவிகளையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

அவற்றுள் முதன்மையானது ‘கிட்’ என்னும் மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் இதனை எழுதினார். உலகின் பல மூலைகளிலிருந்து நிரலர்கள் செய்யும் மாற்றங்களை ஒழுங்காகச் சேர்த்து வைப்பதற்காக இது தோன்றியது. நிரலர் தம் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் இதில் பதிவு செய்யலாம். யார் மாற்றினார், எப்போது மாற்றினார், ஏன் மாற்றினார் என்னும் குறிப்புகளும் அப்பதிவோடு சேர்ந்திருக்கும். புதிய முயற்சியில் பிழை நேர்ந்தால் முந்தைய பதிவுக்குத் திரும்பிவிடலாம்.

ஆனால், பொதுவாகக் கிட் காப்பது நிரலை மட்டுமே. ஓர் இணையக் கடையில் வாடிக்கையாளர்கள் செய்யும் முன்பதிவுகளும் அவர்களின் முகவரிகளும் தரவுத்தளம் என்னும் வேறோர் இடத்தில் சேர்கின்றன. அதற்குத் தனியாகக் காப்புப்படி எடுத்து வைக்க வேண்டும். காப்புப்படி என்பது, மூலத் தரவு அழிந்தால் பயன்படுத்துவதற்காக எடுத்து வைக்கும் நகல்.

காப்பு இருந்தும் காக்கவில்லை

காப்புப்படி எடுத்து வைத்தால் மட்டும் போதுமா? இக்கேள்விக்கு 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் நிகழ்ந்த ஒரு சம்பவம் விடை தருகிறது. நிரலர்கள் தம் வேலைகளைச் சேமித்து வைக்கும் சேவையை வழங்கும் நிறுவனங்களுள் ஒன்று கிட்லேப். அதன் ஊழியர் ஒருவர் இரவு நேரத்தில் ஒரு கோளாற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். துணைக் கணினியில் கொடுக்க வேண்டிய அழிப்புக் கட்டளையைத் தவறுதலாக முதன்மைக் கணினியில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் தவற்றை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள், ஏறத்தாழ 300 கிகாபைட் அளவுள்ள தரவுகளில் 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்தது.

அந்நிறுவனத்திடம் தரவைக் காப்பதற்கு ஐந்து வழிகள் இருந்தன. அவசர வேளையில் அவற்றுள் ஒன்றுகூட எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. அன்றாடக் காப்புப்படி எடுக்கும் பணி தோல்வியடைந்து வந்திருந்தது. அத்தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. வேறொரு தேவைக்காக ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்கு முன்பு எடுக்கப்பட்டிருந்த ஒரு நகலே இறுதியில் உதவியது. இடைப்பட்ட நேரத்தில் சேர்ந்த தரவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் பொதுமக்களுக்கு வெளியிட்டது. அதனால், உலகெங்கும் உள்ள நிரலர்கள் அதிலிருந்து பாடம் கற்றனர்.

காப்புப்படி இருப்பது வேறு. அதிலிருந்து மீட்கத் தெரிந்திருப்பது வேறு. ஒரு முறைகூட மீட்டுப் பார்க்காத காப்புப்படி, பாயில் ஒரு முறைகூட விழாமல் புத்தகத்தில் மட்டும் படித்த உகேமி போன்றது.

வெள்ளிக்கிழமை ஒத்திகை

இச்சம்பவத்தைப் பற்றி வாசித்த நாள் முதல், அந்த இணையத்தள உருவாக்குநர் புதியதொரு பழக்கத்தை மேற்கொண்டார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று தம் பொறுப்பிலுள்ள ஏதேனும் ஓர் இணையத்தளம் அழிந்துவிட்டதாக அவர் கற்பனை செய்துகொள்வார். காப்புப்படியை மட்டும் வைத்து, வேறொரு கணினியில் அதனை மீண்டும் எழுப்பிப் பார்ப்பார்.

தீபாவளி நெருங்கிய வேளையில், பலகாரக் கடை ஒன்றின் இணையத்தளத்தை ஒத்திகைக்கு எடுத்துக்கொண்டார். முறுக்கு, நெய்யுருண்டை, அதிரசம் ஆகியவற்றுக்கு முன்பதிவுகள் குவிந்துகொண்டிருந்த நேரம் அது. காப்புப்படியைத் திறந்தபோது பலகாரங்களின் படங்கள் இருந்தன, விலைப்பட்டியலும் இருந்தது. முன்பதிவுகளை மட்டும் காணவில்லை. காப்புப்படி எடுக்கும் மென்பொருள், கோப்புகளை மட்டுமே நகலெடுத்துத் தரவுத்தளத்தை விட்டுவிட்டிருந்தது. பல மாதங்களாக யாரும் அதனைக் கவனிக்கவில்லை. அன்றே அவர் குறையைச் சரிசெய்தார். மீட்கும் படிநிலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, மேசைக்கு மேலே ஒட்டி வைத்தார்.

அடுத்த வாரம் புதன்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, புதிதாகச் சேர்ந்திருந்த சக ஊழியர் வெளிறிய முகத்தோடு வந்து நின்றார்.

“அக்கா, சோதனைத் தளம் என்று நினைத்து உண்மையான தளத்தில் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். முன்பதிவுகள் எல்லாம் போய்விட்டன.”

“பதறாதே. இனி எந்தக் கட்டளையும் கொடுக்காதே. முதலில் மணியைக் குறித்துக்கொள்” என்றார் அவர்.

பிறகு, ஒட்டி வைத்திருந்த தாளைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் செய்தனர். நாற்பது நிமிடங்களில் தளம் மீண்டும் இயங்கியது. அன்று அதிகாலை ஐந்து மணிக்கு எடுத்த காப்புப்படியில் அதுவரையிலான முன்பதிவுகள் அனைத்தும் இருந்தன. அதற்குப் பிறகு வந்த ஒன்பது முன்பதிவுகள் மட்டுமே விடுபட்டன. கடை உரிமையாளரிடம் தொலைபேசியில் நடந்ததை ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார்கள். ஒவ்வொரு முன்பதிவிற்கும் கடைக்கு மின்னஞ்சல் செல்வது வழக்கம். அம்மின்னஞ்சல்களைப் பார்த்து ஒன்பதையும் மறுபடி பதிந்தனர்.

சக ஊழியர் தலைகுனிந்து நின்றார். “நீ உடனே வந்து சொன்னாய். மறைத்திருந்தால் மாலைக்குள் ஒன்பது தொண்ணூறாகி இருக்கும்” என்று அவர் தேற்றினார். அடுத்த மாத ஒத்திகையைச் செய்யும் பொறுப்பையும் அந்த இளைஞரிடமே ஒப்படைத்தார். உண்மையான தளத்தில் பணிபுரியும்போது திரையின் மேற்பகுதி சிவப்பாகத் தோன்றும்படியும் அமைத்தனர். ஒருவர் செய்த தவற்றை நாளை வேறொருவரும் செய்யக்கூடும் அல்லவா?

பாய் இல்லாத இடத்தில்

ஜூடோ பயின்ற ஆண்டுகளில் அவரை யாரும் தாக்கவில்லை. ஆனால், மழை பெய்த ஒரு மாலை வேளையில், இலகு ரயில் நிலையத்தின் ஈரப் படிக்கட்டில் அவருடைய கால் வழுக்கியது. தோளில் மடிக்கணினிப் பை கனத்தது. கீழே சிமெண்டுத் தரை. அவர் எதையும் சிந்திக்கவில்லை. முகவாய் தானாக மார்பில் ஒட்டியது, முதுகு வளைந்தது, கை ஊன்றாமல் உடல் பக்கவாட்டில் உருண்டது. முழங்கையில் ஏற்பட்ட சிராய்ப்போடு எழுந்து நின்றார். தலையிலும் மணிக்கட்டிலும் அடியில்லை.

தற்காப்பு என்பது பகைவரிடமிருந்து மட்டும் நம்மைக் காப்பதன்று. ஈரப் படிக்கட்டும், அவசரத்தில் தட்டச்சு செய்த ஒரு கட்டளையும்கூட நம்மை வீழ்த்திவிடலாம். எந்தப் பயிற்சியாலும் எந்த மென்பொருளாலும், ஒருவர் ஒருபோதும் விழமாட்டார் என்று உறுதி கூற முடியாது. விழுந்தால் எப்படி எழுவது என்பதை விழுவதற்கு முன்பே பழகிக்கொள்ளலாம். கருவியைக் கையில் வைத்திருப்பவரைவிட அதனைப் பழகி வைத்திருப்பவரே ஆபத்து வேளையில் தம்மையும் தம்மை நம்பியிருப்பவரையும் காக்கிறார்.

கருத்துணர் கேள்விகள்

1. ஜூடோ பயிற்சியில் முதலில் விழும் முறையைக் கற்பிப்பதன் காரணம் யாது?
2. கையை ஊன்றி விழுவது ஏன் ஆபத்தானது? அழுத்தம், பரப்பு ஆகிய சொற்களைப் பயன்படுத்தி விளக்குக.
3. ‘காப்புப்படி இருப்பது வேறு, அதிலிருந்து மீட்கத் தெரிந்திருப்பது வேறு.’ இக்கூற்றைப் பகுதியிலுள்ள இரண்டு நிகழ்வுகளைக் கொண்டு மெய்ப்பித்திடுக.
4. சக ஊழியர் தம் தவற்றை மறைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகித்து எழுதுக.
5. உங்கள் இல்லத்திலோ பள்ளியிலோ அவசர வேளைக்காக ஒத்திகை செய்து பார்க்க வேண்டிய ஒன்றைத் தெரிவு செய்து, அதன் படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.