அறையைக் காலி செய்யச் சொல்வதும் அறிவிப்புச் சட்டமும்

துறைமுகம் உள்ள ஊரில் சொந்த வீடு இல்லாதவர் தொகை எப்போதும் மிகுதி. தூத்துக்குடியும் அதற்கு விலக்கன்று. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கப்படும்வரை கொழும்புக்குச் செல்வோர் இங்கு வந்து கப்பலுக்குக் காத்திருந்தனர். 1974இல் இத்துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பின், கப்பல் முகவர் அலுவலக எழுத்தர், சரக்கு ஏற்றுவோர், அனல்மின் நிலைய ஒப்பந்தப் பணியாளர் எனப் பலரும் வந்தனர். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்தவர்கள் நாடுவது, மாத வாடகைக்குக் கிடைக்கும் லாட்ஜ் அறைகளைத்தான். பத்தடிக்கு எட்டடி அறை, ஒரு ஜன்னல், நடைவழியில் பொதுக் குழாய். அதிலேயே ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன. அப்படி இருப்பவரிடம் ஒரு நாள் "காலி செய்யுங்கள்" என்றால், அவருக்கு உள்ள அவகாசம் எத்தனை நாள்? வணிகவியல் மாணவனாகிய எனக்குச் சட்டம் ஒரு தாள் மட்டுமே. எனினும் இக்கேள்வி அத்தாளுக்குள் அடங்கவில்லை.

நம் கடற்கரையில் முன்பு முத்துக்குளிப்பு நடந்தபோது, கரையில் ஓலைக் குடிசைகள் எழும். குளிப்பு முடிந்ததும் அவை பிரிக்கப்படும். அங்கே அறிவிப்புக்கு வேலையே இல்லை. வந்தவர் அனைவருக்கும் எப்போது கிளம்ப வேண்டும் என்பது தெரியும். சட்டமும் இவ்வாறே கருதுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 111ஆம் பிரிவின்படி, காலம் குறித்த குத்தகை அக்காலம் முடிந்ததும் தானே முடிந்துவிடும். சிக்கல் எழுவது, முடிவு குறிக்கப்படாமல் மாதந்தோறும் தொடரும் வாடகையில்தான்.

நம் மாநிலத்தில் வாடகைக்காரருக்கு நெடுங்காலம் அரணாக இருந்தது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஆனால் அச்சட்டம் 'கட்டடம்' என்பதற்கு விளக்கம் கூறும்போதே, உணவு விடுதியிலும் தங்கும் விடுதியிலும் உள்ள அறையை விலக்கிவிட்டது. அதற்கு மாற்றாக 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டமும் ஓட்டல், தங்கும் விடுதி, தர்மசாலை, சத்திரம் ஆகியவற்றை வெளியே நிறுத்திவிட்டது. ஓரிரவு தங்கும் வழிப்போக்கனுக்கு இவ்விலக்குப் பொருந்தும். ஒன்பதாண்டு தங்கியவரையும் அதே வழிப்போக்கனாகக் கொள்வது முறையன்று என்பது என் கருத்து.

என் உறவினர் ஒருவர் உப்பளக் கணக்கர். ஒரு லாட்ஜில் ஒன்பதாண்டு இருந்தவர். ஒரு புதன்கிழமை மாலை மேலாளர் வந்து, "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணிருங்க. மொதலாளி இடிச்சுக் கட்டப் போறாரு" என்றார். "தம்பி, இந்த மாச வாடகைய வாங்கிட்டுத்தான பேசுதீங்க?" என்று இவர் கேட்டார். "நான் என்னத்தச் செய்ய, சொல்லச் சொன்னாங்க" என்பதே பதில். எழுத்தில் ஒன்றும் தரவில்லை.

இங்கு நாம் ஆராய வேண்டியது ஒன்றே: அவர் குத்தகைக்காரரா, உரிமம் பெற்றவர் மட்டுமா? 1959இல் டில்லி ஓட்டல் ஒன்றின் வழக்கில் (அசோசியேட்டட் ஓட்டல்ஸ் எதிர் கபூர்) உச்சநீதிமன்றம் இதற்கு அளவுகோல் வகுத்தது. பத்திரத்தில் எழுதிய பெயரன்று, இருவர் கருத்தின் உள்ளீடே முக்கியம். தனித்த அனுபவம் ஒருவர் கையில் இருப்பின் அது குத்தகைக்கு அறிகுறி. நம் கணக்கர் அறையில் கட்டிலும் பீரோவும் அவருடையவை. பூட்டும் சாவியும் அவருடையவை. கூட்டிப் பெருக்க லாட்ஜ் ஆள் வருவதில்லை. ரசீதில் 'தங்கல் கட்டணம்' என்று அச்சடித்திருப்பதாலேயே அவர் விருந்தினர் ஆகிவிடமாட்டார்.

குத்தகை எனில் 106ஆம் பிரிவு துணைக்கு வரும். வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, மாத வாடகைக்குப் பதினைந்து நாள் அறிவிப்பு வேண்டும். அது எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். அஞ்சலில் அனுப்பலாம், நேரில் தரலாம், வீட்டாரிடமோ பணியாளிடமோ சேர்ப்பிக்கலாம். இவை இயலாவிடின் இடத்தில் பலர் கண்ணில் படும்படி ஒட்டலாம். நாள் எண்ணப்படுவது, கிடைத்த தேதியிலிருந்து. வாய்ச்சொல்லும் நான்கு நாளும் இதற்கு ஈடாகா.

இதில் ஒரு விந்தை உண்டு. தமிழகத்திலிருந்து சென்ற தனபால் செட்டியார் வழக்கில், 1979இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் எழுவர், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வெளியேற்ற இந்த 106ஆம் பிரிவு அறிவிப்புத் தேவையில்லை என்றனர். அச்சட்டமே போதிய காப்பு என்பது கருத்து. அக்காப்பு கிட்டாத லாட்ஜ்வாசிக்கோ, தேவையில்லை எனப்பட்ட அப்பதினைந்து நாளே எஞ்சும் காப்பு!

வெறும் உரிமம்தான் என்று முடிவானாலும் கதவடைப்புக்கு இடமில்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவு, உரிமம் நீக்கப்பட்டவர் வெளியேறவும் பொருள்களை எடுத்துச் செல்லவும் நியாயமான அவகாசம் தருகிறது. பணம் கொடுத்துப் பெற்ற உரிமம், தம் தவறின்றி இடையில் பறிக்கப்பட்டால் ஈடு கேட்கலாம் என்பது 64ஆம் பிரிவு. நிலையான அனுபவத்தில் இருப்பவரை, அவருக்கு உரிமை இல்லையென்றே கொண்டாலும், நீதிமன்றத்தின் வழியன்றி அகற்றக்கூடாது என்று 1989இல் உச்சநீதிமன்றம் மீண்டும் உரைத்தது. பூட்டை மாற்றிக் குத்தகைக்காரரை வெளியே தள்ளினால், அவர் ஆறு மாதத்துக்குள் குறித்தவகைத் துயர்தீர்வுச் சட்டம் 6ஆம் பிரிவின்படி வழக்கிட்டு அறையைத் திரும்பப் பெறலாம்.

உரிமையாளர் பக்கமும் நியாயம் உண்டு. காரை பெயர்ந்த கட்டடத்தை இடித்துக் கட்ட எண்ணுவது குற்றமன்று. மேலே சொன்னவாறு முறையாக ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும். கணக்கரும் ரசீதுகளை அடுக்கிக் காட்டி இதைத்தான் கேட்டார். அடுத்த மாதக் கடைசிவரை இருக்கலாம் என்று கடிதம் வந்தது. அதற்குள் அவர் வேறு அறை பார்த்துக்கொண்டார்.

அறிவிப்புத் தரும் உரிமையாளர்கள் 113ஆம் பிரிவையும் பார்த்துவைப்பது நல்லது. கெடு முடிந்த பின் சேர்ந்த வாடகையைக் குத்தகையைத் தொடரும் கருத்தோடு வாங்கிக்கொண்டால், தந்த அறிவிப்பு தள்ளுபடியாகிவிடும். பிறகு மீண்டும் முதலிலிருந்து பதினைந்து நாள் எண்ண வேண்டியதுதான்.