கைப்பேசியை ஏன் மாற்றுகிறோம்?

மாணவர் கையை விட்டு நீங்காத பொருள் எது என்று கேட்டால், ஏடு என்றோ எழுதுகோல் என்றோ விடை கூறுவார் இன்று அரியர். கைப்பேசி என்பதே எல்லோரும் கூறும் விடை. உண்ணும்போது இலையின் பக்கத்தில் இருக்கிறது. உறங்கும்போது தலைமாட்டில் இருக்கிறது. இத்துணை நெருங்கிய துணையை நாம் எவ்வளவு எளிதில் கைவிட்டு விடுகிறோம்! என் வீட்டில் பாட்டனார் வாங்கிய சுவர்க் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. அம்மாவின் கிரைண்டர் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மாவு அரைக்கிறது. கைப்பேசி மட்டும் இரண்டு மூன்று ஆண்டுகளில் 'பழையது' என்று பெயர் பெறுவது ஏன்? இதனை நம் சங்கத்து நண்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

பிறரைக் குறை கூற வந்தேன் அல்லேன். குற்றம் என்னிடமே தொடங்குகிறது. சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், அறைத்தோழர் ஒருவரின் கைப்பேசியை வாங்கி, இராசபாளையத்தில் இருக்கும் என் தந்தையாரை அழைத்தேன். "அப்பா, என் போன் செத்துப்போச்சு" என்றேன். அவர் நூற்பாலைத் தொழிலாளர். "சரிப்பா, பாக்குறேன்" என்று மட்டும் கூறினார். நான்காம் நாள் என் கணக்கில் 10,000 ரூபாய் வந்து சேர்ந்தது.

உண்மையில் என் கைப்பேசி சாகவில்லை. மின்னூட்டம் முப்பது விழுக்காடு இருக்கும்போதே திடீரென்று அணையும். சார்ஜரில் செருகினால் மீண்டும் எழுந்து வரும். இதனை நான் அவரிடம் கூறவில்லை. ஏன் கூறவில்லை என்று பின்னர் என்னையே கேட்டுக்கொண்டேன். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

முதலில் ஒன்று கூற வேண்டும். கைப்பேசி வைத்திருப்பதே ஆடம்பரம் என்று இக்காலத்தில் யாரும் கூற முடியாது. 1973 ஏப்ரல் 3ஆம் நாள் நியூயார்க் நகரத் தெருவில் மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியாளர் முதன்முதலாகக் கைப்பேசியில் பேசினார். அக்கருவியின் எடை ஒரு கிலோவுக்கும் மிகுதி. நம் நாட்டில் 1995 சூலை 31ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சர் சோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசிய பேச்சே முதல் கைப்பேசிப் பேச்சு. அன்று அது செல்வர் கையில் இருந்த வியப்புப் பொருள். இன்றோ, வங்கிக் கணக்கு அதில் இருக்கிறது. தேர்வு நுழைவுச்சீட்டு அதில் வருகிறது. ஊருக்குச் செல்லும் தொடர்வண்டிச் சீட்டும் அதில்தான். ஆகவே கைப்பேசி கெட்டால் மாணவர் வாழ்வு ஒரு நாளேனும் தடைப்படுகிறது. மாற்ற நினைப்பதில் இருக்கும் நியாயத்தை மறந்து பேசுதல் முறையன்று.

மாற்றுவதற்குக் கூறப்படும் காரணங்களை நான்காகப் பகுக்கலாம்.

முதற் காரணம் தேய்வு. கைப்பேசியில் மிக விரைவில் தேயும் உறுப்பு பேட்டரி. 1991ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இலித்தியம் அயனி பேட்டரியே இன்று நம் கைப்பேசிகளில் உள்ளது. அதனை உருவாக்கிய குட்டினஃப், விட்டிங்காம், யோசினோ என்னும் மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மின்னேற்றும்போது இலித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. போய் வரும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு இலித்தியம் வழியிலே படிந்து பயனற்றுப் போகிறது. ஏறத்தாழ 500 முறை முழுமையாக ஏற்றி இறக்கிய பின், பல பேட்டரிகள் தம் முதற் கொள்ளளவில் எண்பது விழுக்காட்டையே தாங்குகின்றன. வெப்பம் இத்தேய்வை விரைவுபடுத்தும். தில்லியின் மே மாத வெயிலில், தலையணைக்கு அடியில் வைத்து மின்னேற்றும் நம் பழக்கம் பேட்டரியின் வாழ்நாளைக் குறைக்கிறது.

பேட்டரி தேய்ந்தால் கொள்ளளவு மட்டுமா குறைகிறது? உள்ளிருக்கும் மின்தடையும் கூடுகிறது. அதனால், ஒளிப்படம் எடுக்கும்போதோ காணொளி ஓடும்போதோ மிகுந்த மின்சாரத்தை ஒரே நேரத்தில் தர இயலாமல் மின்னழுத்தம் தாழ்ந்து, கைப்பேசி அணைந்துவிடுகிறது. என் கைப்பேசிக்கு நேர்ந்தது இதுவே. இதனை அறியாதவர் கைப்பேசியே கெட்டது என்று கருதுவர்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. தேய்ந்த பேட்டரியுள்ள ஐபோன்கள் திடீரென்று அணையாதிருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் மூலம் தாம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. மாற்றுப் பேட்டரியின் விலையையும் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. கைப்பேசிக்கு முதுமை வந்துவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியவர் பலர். முதுமை வந்தது பேட்டரிக்கு மட்டுமே என்பது அவர்களுக்குப் பின்னரே தெரிந்தது.

இரண்டாம் காரணம் கைவிடப்படுதல். கருவி நன்றாக இருக்கும். ஆயின் அதனைச் செய்தவர் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திவிடுவர். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்ற கைப்பேசியில் வங்கிச் செயலி வைத்திருத்தல் தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் பணம் வைப்பது போன்றது. சில ஆண்டுகளில் செயலிகளும் பழைய இயங்குதளத்தை ஏற்க மறுக்கும். இது உண்மையான காரணம். நம் கையில் இல்லாத காரணம். விலை உயர்ந்த சில கைப்பேசிகளுக்கு ஏழாண்டுகள் புதுப்பிப்பு அளிப்பதாகக் கூகுள் 2023இலும் சாம்சங் 2024இலும் அறிவித்தன. விலை குறைந்தவற்றுக்கு அத்துணை நீண்ட வாழ்வு வாய்ப்பது அரிது. குறைந்த விலைக்கு வாங்கும் ஏழை மாணவனே அடிக்கடி வாங்க நேர்கிறது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

மூன்றாம் காரணம் வலைப்பின்னல் மாறுதல். 2016 செப்டம்பரில் ஜியோ நான்காம் தலைமுறை வலைப்பின்னலை மட்டுமே கொண்டு தொடங்கியபோது, பழைய கருவி வைத்திருந்தோர் பலர் புதியது வாங்க வேண்டியதாயிற்று. 2022 அக்டோபர் 1ஆம் நாள் ஐந்தாம் தலைமுறையும் வந்தது. ஆயின் இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னையதில் பழைய கருவி அச்சேவைக்குப் பயன்படவே இல்லை. பின்னையதில் நான்காம் தலைமுறைக் கருவி இன்னும் குறையின்றிப் பயன்படுகிறது. வகுப்புக் குறிப்பு பார்க்கவும், அம்மாவோடு முகம் பார்த்துப் பேசவும் அது போதும்.

நான்காம் காரணம் ஆசை. இதனை யாரும் தம் காரணமாகக் கூறுவதில்லை. முன் கூறிய மூன்றில் ஒன்றன் உடையை அணிந்தே இது வெளியே வரும். செல்வர் தம் செல்வத்தைப் பிறர் காண வேண்டும் என்பதற்காகவே பொருள்களை வாங்குவதைத் தார்சுடைன் வெப்லன் என்னும் அறிஞர் 1899ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். இன்று அப்பழக்கம் செல்வரிடம் மட்டும் இல்லை. மேசைமேல் கைப்பேசிகளை வைத்துவிட்டுத் தேநீர் அருந்தும் நம் கூட்டத்தில், தன் கருவியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கக் கூசும் நண்பன் ஒருவனேனும் இருப்பான். நானும் அவ்வாறு கூசியிருக்கிறேன். போதாக்குறைக்குத் தீபாவளித் தள்ளுபடியும் வட்டியில்லாத் தவணையும் வந்து அழைக்கின்றன. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்த விலை சிறியதாகத் தோன்றுகிறது. கூட்டிப் பார்த்தால் அதே விலைதான்.

ஆசையின் சூழ்ச்சி ஒன்றை என்னிடமே கண்டேன். புதிய கருவி ஒன்றின்மேல் மனம் சென்ற நாள் முதல், என் பழைய கைப்பேசியின் உறையைக் கழற்றி வைத்துவிட்டேன். கட்டிலின் மேலிருந்து மேசைக்கு எறிந்தேன். மழையிலும் எடுத்துச் சென்றேன். அது கெட வேண்டும் என்று நான் விரும்பியதாக அன்று எனக்கே தெரியாது. முடிவு முன்னரே பிறந்துவிட்டது. காரணம் பிறக்கத்தான் காத்திருந்தேன்.

1932இல் அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் தவித்தபோது, பெர்னார்டு லண்டன் என்பவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசு ஒரு வாழ்நாள் குறிக்க வேண்டும். அந்நாள் கழிந்தால் அப்பொருள் சட்டப்படி 'இறந்தது' ஆகும். மக்கள் அதனை ஒப்படைத்துப் புதியது வாங்கினால் ஆலைகள் ஓடும், வேலை கிடைக்கும் என்பது அவர் கருத்து. எந்த அரசும் அச்சட்டத்தை இயற்றவில்லை. சட்டம் எதற்கு? நன்றாக இருக்கும் கருவியை நாமே இறந்தது என்று கூறிவிடுகிறோமே! "செத்துப்போச்சு" என்று தந்தையாரிடம் நான் கூறியதும் அத்தகைய தீர்ப்புத்தானே?

அத்தீர்ப்பின் விலையை நாம் மட்டும் செலுத்துவதில்லை. பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. ஒரு கைப்பேசி தன் வாழ்நாளில் சூழலுக்குச் செய்யும் கேட்டில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன் ஆலையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. நாம் கழித்தவற்றின் கதையை அறிய, இத்தில்லியிலேயே சீலம்பூருக்குச் சென்றால் போதும். பழைய மின்னணுக் கருவிகளை வெறுங்கையால் பிரித்துப் பிழைப்போரை அங்கே காணலாம். முறையாகச் சேர்த்தால் அக்கழிவே செல்வம் ஆகும். டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கான ஏறத்தாழ 5,000 பதக்கங்களும், சப்பானிய மக்கள் 2017 முதல் 2019 வரை கொடுத்த பழைய கருவிகளிலிருந்து எடுத்த உலோகத்தால் ஆனவை. அவற்றுள் கைப்பேசிகள் மட்டும் 62 இலட்சம்.

சட்டமும் மெல்ல விழித்துக்கொண்டு வருகிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென நம் நடுவண் அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைப்பேசிகளின் பேட்டரி, 800 முறை ஏற்றி இறக்கிய பின்னும் எண்பது விழுக்காடு தாங்க வேண்டும். உதிரி உறுப்புகள் ஏழாண்டுகள் கிடைக்க வேண்டும் என்பது விதி. நீண்ட நாள் உழைக்கும் கைப்பேசியைச் செய்ய முடியும் என்பதற்கு இவ்விதியே சான்று.

நண்பர்களே, அடுத்த முறை மாற்ற நினைக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று: குறை எந்த உறுப்பில் இருக்கிறது? பேட்டரியிலா, திரையிலா, அல்லது படங்களால் நிரம்பி வழியும் சேமிப்பகத்திலா? சேமிப்பகம் என்றால் ஒரு மாலைப்பொழுதில் காசின்றித் தீர்ந்துவிடும். இரண்டு: அவ்வுறுப்பை மாற்ற என்ன செலவாகும்? இரண்டு கடைகளில் கேளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் காலம் தாழ்த்தாதீர்கள். நீங்களே திறக்கவும் முயலாதீர்கள். மூன்று: பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா? வரவில்லை என்றால் மாற்றுவதில் தவறில்லை. நான்கு: இக்குறை எனக்குத் தோன்றியது புதிய கருவியைக் காண்பதற்கு முன்னா, கண்ட பின்னா? நான்காம் கேள்விக்கு உண்மையான விடை கூறுதல் கடினம். ஆயின் கூறிவிட்டால் மற்ற மூன்றும் எளிது.

இனி என் கதையின் முடிவு. பணம் வந்த மறுநாள் கரோல்பாக் கஃபார் மார்க்கெட்டுக்குச் சென்றேன். பழையதைக் கொடுத்தால் என்ன விலை தருவார்கள் என்று கேட்கவே சென்றேன். பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் அதனைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேட்டரிதான் கிழவன், போன் இன்னும் இளைஞன்" என்று இந்தியில் கூறினார். அரை மணி நேரம் ஆயிற்று. 900 ரூபாய் ஆயிற்று. இக்கட்டுரையை அந்தக் கைப்பேசியில்தான் எழுதினேன்.

அன்றிரவு தந்தையாரை அழைத்து உண்மையைக் கூறினேன். மீதி 9,100 ரூபாயைத் திருப்பி அனுப்புவதாகவும் கூறினேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பின்பு, "முழுசா அனுப்பாதப்பா. ஊருக்கு வரும்போது என் போனுக்கும் ஒரு பேட்டரி பார்த்து வாங்கிட்டு வா. ஒரு வருசமா மத்தியானத்துக்கு மேல நிக்க மாட்டேங்குது" என்றார்.

மாலை நேரங்களில் நான் அழைக்கும்போதெல்லாம் அவர் கைப்பேசி அணைந்திருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓராண்டாக அக்குறையை அவர் யாரிடமும் கூறவில்லை. என் கைப்பேசி செத்தது என்றதும் நான்கே நாளில் பணம் அனுப்பினார். மாற்றும் காரணத்தை நாம் ஆராய வேண்டுவது பொருளியல் பாடத்துக்காக மட்டும் அன்று. நம் கைக்கு வரும் பணம் யாருடைய எந்தத் தேவையைத் தள்ளிவைத்துவிட்டு வருகிறது என்பதை அறிவதற்காகவும்தான்.