வாடையும் வளர்ப்புயிர்களும்

குளிரில் நடுங்குகின்றது எனக் கருதி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தவன் வையாவிக் கோப்பெரும் பேகன். இறகு போர்த்த பறவைக்குப் போர்வை எதற்கு என வினவுவாரும் உளர். அவ்வினாவில் பொருளுண்டு. ஆயினும் பேகன் ஆண்ட மலைநாடு மழை மிக்கது. நனைந்த இறகு போர்வையாகாது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

விலங்கின் மயிரும் பறவையின் இறகும் தாமே வெப்பம் தருவன அல்ல. அவற்றினிடையே தங்கி நிற்கும் காற்றே உடலின் வெப்பம் வெளியேறாவண்ணம் காக்கின்றது. மயிர் நனைந்தால் காற்று நின்ற இடத்தில் நீர் புகும். நீரோ காற்றினும் 20 மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்தும்.

சென்னையின் வடபால் உள்ள இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் பனி உறைவதில்லை. தை மாத இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். ஆதலால் ஈண்டு வளர்ப்புயிர்களுக்குக் குளிரால் ஏதமில்லை என நினைத்தல் தவறு. ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் தாழ்ந்த தெருக்களில் நீர் தேங்கும். கடற்காற்றும் ஓயாது வீசும். நாயின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38 பாகை. நனைந்த உடலோடு சிமெண்டுத் தரையில் கிடக்கும் நாய், மேலே காற்றுக்கும் கீழே தரைக்கும் அவ்வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். குட்டிகள் இன்னும் விரைவில் தளரும்.

இதற்கு வேண்டுவது விலையுயர்ந்த கம்பளியன்று. நனைந்து வந்த நாயையோ பூனையையோ பழந்துணியால் அடிமயிர்வரை துவட்டுதல் வேண்டும். தரையில் ஒரு பலகை. அதன்மேல் உலர்ந்த கோணிப்பை. ஈரக் கோணியில் கிடப்பதினும் வெறும் பலகையே மேல். கோழிகளுக்குத் தரையினின்று உயர்ந்த பரண் போதும்.

துறைமுகச் சாலையில் வரிசையாக நிற்கும் சரக்கு லாரிகளின் அடியில், எந்திரச் சூட்டை நாடிப் பூனைகள் உறங்குவதுண்டு. வண்டியை எடுக்குமுன் அதன் முகப்பைத் தட்டி ஓசை எழுப்புதல் ஓர் உயிரைக் காக்கும். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சலைப் பரப்பும். அது நாய்க்கும் மனிதர்க்கும் வரும். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இடலாம்.

மழைநீரினும் கொடியது எண்ணெய் கலந்த நீர். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, மணலித் தொழிற்பகுதியினின்று வெளிப்பட்ட எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. மீனவர் படகும் வலையும் கருமை பூசிக்கொண்டன. கூழைக்கடாக்களின் வெண்சிறகுகளிலும் எண்ணெய் படிந்தது. எண்ணெய் படிந்த இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, இடைவெளியில் நீர் புகுந்து தோலைத் தீண்டும். நாய், பூனை ஆகியவற்றுக்கோ மற்றுமோர் இடர் உண்டு. அவை தம் உடலை நக்கியே தூய்மை செய்பவை. நக்குந்தோறும் நஞ்சு வயிற்றினுள் செல்லும்.

அந்நிலையில் மண்ணெண்ணெய் தேய்த்துக் கறை போக்குவோர் உளர். அது தோலைப் புண்ணாக்கும். உள்ளே சென்றால் உயிருக்கே உலை வைக்கும். முதலில் நக்கவிடாது தடுத்து, இளஞ்சூடான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு பலமுறை கழுவி, நன்கு உலர்த்திக் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் மருத்துவமனை வடசென்னைக்கு அண்மையிலேயே உள்ளது. காட்டுப் பறவையாயின் நாமே பிடிக்க முயலாது வனத்துறைக்கு அறிவித்தல் முறை. கழுவிய பறவையை உடனே நீரில் விடுதலும் ஆகாது. இறகு முற்றும் உலர்ந்து, பறவை தன் அலகால் அதனைக் கோதி ஒழுங்குசெய்த பின்னரே நீர்த்துளி மீண்டும் அதன்மேல் ஒட்டாது உருளும்.