கண் சிகிச்சைக் காப்பீடு: கவனிக்க வேண்டியவை

அறுந்த இழையைக் கண் காணாவிடில் கை அதனை எவ்வாறு பிணைக்கும்? நெசவாளர்க்குக் கண்ணே மூலதனம். ஆகவே காப்பீட்டில் சேருமுன் அங்கத்தினர்கள் மூன்று விவரங்களை அறிதல் வேண்டும்.

1. மூக்குக் கண்ணாடிச் செலவு மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக அடங்காது. அதற்குச் சங்கத்தில் செய்யும் சிறுசேமிப்பே ஏற்றது.

2. காத்திருப்புக் காலம் உண்டு. 2020இல் அறிமுகமான ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி, கண்புரைச் சிகிச்சைக்கு 24 மாதக் காத்திருப்பை விதித்தது. புரை முற்றியபின் சேர்ந்தால் உடனடிப் பயன் இராது.

3. உச்சவரம்பு உண்டு. அப்பாலிசியில் ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையின் 25 சதவிகிதம் அல்லது 40,000 ரூபாய், இவற்றுள் குறைந்ததே வரம்பாகும். எனவே ஒரு லட்ச ரூபாய்க் காப்பீட்டிற்கு 25,000 ரூபாய்க்கு மேல் கிடையாது.

பிரீமியம் குறைவென்று மயங்காது, இம்மூன்றையும் வினவித் தெளிந்தபின் கையொப்பமிடுக.