கரண்ட் கனெக்‌ஷனை எடுத்துவிட்டு சோலாரிலேயே இருக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத்தறி. ஐப்பசி மழையில் கரண்ட் போனால் சேலைக் கரையைக் கோர்வை போட வெளிச்சம் இருப்பதில்லை, ஊடைநூல் தார் சுற்றும் மோட்டாரும் நின்றுவிடுகிறது. 1 கிலோவாட் பேனல், 150 ஏஹெச் பேட்டரி ஒன்று, 1 கேவிஏ இன்வெர்ட்டர் வைத்தால் கரண்ட் கனெக்‌ஷனே தேவையில்லை என்கிறார் கடைக்காரர். நம்பலாமா ஐயா?
- பட்டு நெசவாளர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: நம்பாதீர்கள். அந்த மூன்று பொருளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

150 ஏஹெச், 12 வோல்ட் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். இப்படிப்பட்ட டியூபுலர் பேட்டரியைத் தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். ஆக, கைக்கு வருவது 0.9 யூனிட். 1 கிலோவாட் பேனலோ சித்திரை வெயிலில் 60 ஆம்பியருக்கு மேல் தள்ளும். இந்த பேட்டரி தாங்குவது 15 முதல் 20 ஆம்பியர். சார்ஜ் கன்ட்ரோலர் அதைத் தடுத்தால் பேனலுக்குப் போட்ட பணம் வீண். தடுக்காவிட்டால் பேட்டரி சூடாகித் தண்ணீர் வற்றும்.

உங்கள் வீட்டையே கணக்குப் போடுவோம். 9 வாட் எல்இடி விளக்கு நான்கு, ஆறு மணி நேரம். 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம். தார் மோட்டார் 250 வாட், இரண்டு மணி நேரம். மொத்தம் நாளுக்குச் சுமார் 1.3 யூனிட். வயர், பேட்டரி, இன்வெர்ட்டர், பேனலின் சூடு என்று கால்பங்கு இழப்பு போகும் என்பதால் 1.75 யூனிட் விளைய வேண்டும். நம் ஊரில் முழு வெயில் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 5 மணி நேரம். ஆனால் கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத வீட்டுக்குச் சராசரி உதவாது. வடகிழக்குப் பருவமழையின் மோசமான மாதத்துக்கு 3.5 மணி நேரம் என்றுதான் நான் வைப்பேன். அப்படிப் பார்த்தால் பேனல் 500 வாட் போதும். இரண்டு நாள் வெயிலே வராமல் போனால் தாங்க, இதே பேட்டரி மூன்றுக்கும் மேல் வேண்டும். 24 வோல்ட்டுக்கு ஜோடி சேர்க்க நான்கு. கடைக்காரர் பேனலை இரட்டிப்பாக்கி, பேட்டரியைக் கால்பங்காக்கிவிட்டார்.

மோட்டார் தனிச் சிக்கல். கிளம்பும் நொடியில் அது நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும், 1 கேவிஏ இன்வெர்ட்டர் அங்கேயே டிரிப் ஆகும்.

பேனலை மாட்டுவது ஒரு தொழில், இந்தக் கணக்கைப் போடுவது வேறு தொழில். மத்திய அரசின் சூர்யமித்ரா பயிற்சி நல்ல டெக்னீஷியன்களை உருவாக்குகிறது. அதன் நோக்கம் நிறுவுதலும் பராமரிப்பும். வடிவமைக்கத் தெரிந்தவர் விலை சொல்வதற்கு முன் உங்கள் வீட்டில் எது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்பார். மாடியேறி, தென்னை நிழலும் தண்ணீர்த் தொட்டி நிழலும் காலை மாலை எங்கே விழுகிறது என்று பார்ப்பார். பேனல் பக்கம் டிசி பிரேக்கர்தான் போடுவார். டிசியில் கிளம்பும் தீப்பொறி தானாக அணையாது என்பதால் சாதாரண ஏசி பிரேக்கரை அங்கே போடுவது தீ விபத்துக்கு வழி. இதையெல்லாம் கேட்காதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கனெக்‌ஷன் வேண்டாமென்று நீக்குவது நஷ்டம் என்றும் சொல்லியாக வேண்டும். ராஜஸ்தானின் ஜோத்பூர்ப் பாலைவனத்தில் மின்கம்பியே எட்டாத வீடுகளில் சென்னை ஐஐடி வடிவமைத்த 48 வோல்ட் டிசி முறை பொருத்தப்பட்டது. அங்கே அது தேவை. உங்களுக்கோ கைத்தறி நெசவாளர் என்ற முறையில் 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியமும் மின்வாரியக் கம்பியோடு இணைந்த சோலாருக்குத்தான்.

தாரைக் கரண்ட் இருக்கும்போது சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கும் விசிறிக்கும் அதே 150 ஏஹெச் பேட்டரி ஒன்று, 300 வாட் அளவில் ஒரு பேனல், எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர், சைன்வேவ் இன்வெர்ட்டர் போதும். பேட்டரி நிறைந்திருந்தால் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். கனெக்‌ஷன் இருக்கட்டும்.