மாறிக்கொண்டே இருக்கும் ஐ.பி. முகவரி: வெளியூரிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்க

மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவையான மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்து வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் இருப்பதோ வெளியூரில். விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள். இங்கிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்க முடியுமா? முடியும். ஆனால் ஊருக்குக் கிளம்பும் முன்பே சில ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும்.

முதல் சிக்கல் முகவரி. இன்டர்நெட்டில் உங்கள் வீட்டை அடையாளம் காட்டுவது ஐ.பி. முகவரி. பழைய முறையான ஐ.பி.வி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அதனால் இணைப்பு தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் நிலையான முகவரி தருவதில்லை. மோடத்தை அணைத்துப் போட்டாலே முகவரி மாறிவிடலாம். நேற்று குறித்து வைத்த எண் இன்று வேறொருவர் வீட்டைக் காட்டும்.

இதற்குத் தீர்வு டைனமிக் டி.என்.எஸ். டக் டி.என்.எஸ்., நோ-ஐ.பி. போன்ற சேவைகளில் பதிவு செய்து ஒரு பெயரைப் பெறுங்கள். அந்த விவரங்களை உங்கள் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் டி.டி.என்.எஸ். என்ற பகுதியில் கொடுங்கள். முகவரி மாறும்போதெல்லாம் ரௌட்டரே புதிய எண்ணைத் தெரிவித்துவிடும். நீங்கள் பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

அதற்கு முன் ஒரு சோதனை. ரௌட்டர் பக்கத்தில் 'வான்' என்ற இடத்தில் உள்ள ஐ.பி. முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் ஐ.பி. என்ன என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் மேலே சொன்ன வழி பயன்படும். ரௌட்டரில் உள்ள எண் 100.64 முதல் 100.127 வரை உள்ள ஏதோ ஒன்றில் தொடங்கினால், ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று பொருள். அப்போது டி.டி.என்.எஸ். உதவாது. குரோம் ரிமோட் டெஸ்க்டாப் அல்லது டெயில்ஸ்கேல் பயன்படுத்துங்கள். இவற்றில் வீட்டுக் கம்ப்யூட்டரே வெளியே தொடர்பு கொள்வதால் முகவரி மாறினாலும் கவலையில்லை.

விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வசதி 3389 என்ற போர்ட்டில் இயங்குகிறது. ரௌட்டரில் இந்தப் போர்ட்டை நேராகத் திறந்து வைக்காதீர்கள். 2019-இல் 'புளூகீப்' என்ற ஆபத்தான ஓட்டை பழைய விண்டோஸ் பதிப்புகளின் இந்த வசதியில்தான் கண்டறியப்பட்டது. ரௌட்டரில் வி.பி.என். சர்வர் இருந்தால், டி.டி.என்.எஸ். பெயர் மூலம் அதில் நுழைந்து, பிறகு கம்ப்யூட்டரை அடையுங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பை இவ்வாறு வெளியிலிருந்து இயக்க முடியாது. புரோ பதிப்பு வேண்டும். ஹோம் வைத்திருப்பவர்களுக்கு குரோம் ரிமோட் டெஸ்க்டாப் கைகொடுக்கும்.

கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் எந்த வழியும் பலிக்காது. பவர் செட்டிங்ஸில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக மாற்றுங்கள். வலுவான பாஸ்வேர்ட் வையுங்கள். யாராவது போனில் அழைத்து இத்தகைய புரோகிராமை நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது மோசடிக்காரர்களின் வழி.

எல்லாம் முடிந்ததும் செல்போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டா மூலம் ஒரு முறை முயன்று பாருங்கள். வீட்டிலேயே வெற்றி கிடைத்த பிறகு ஊருக்குக் கிளம்புங்கள்!